மறைபொருளும் அதன் காலமும்: கிறித்தவ இறையியலில் வெளிப்பாட்டின் வேளை

முன்னுரை

கடவுள் மனித அறிவுக்கு எட்டாதவர் என்னும் கருத்து சமயங்கள் பலவற்றிற்கும் பொதுவானது. கிறித்தவம் அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக் கூறுகிறது. எட்டாத கடவுள் தம் திட்டத்தை வரலாற்றின் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெளிப்படுத்தினார் என்பதே அது. இவ்வாறு கூறியவுடன் ஒரு வினா எழுகிறது. அக்காலத்திற்கு முன் வாழ்ந்து மடிந்தோரின் நிலை என்ன? கடவுளின் நீதியையே தொடும் இவ்வினாவைக் கிறித்தவ இறையியல் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் ‘மிஸ்டேரியோன்’ என்னும் சொல்லைத் தமிழ் மொழிபெயர்ப்புகள் ஒரே வகையில் பெயர்க்கவில்லை. சீர்திருத்தத் திருச்சபையினரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் மொழிபெயர்ப்பு, எபேசியர் நிருபத்தில் அதனை ‘இரகசியம்’ என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் அதே இடத்தில் ‘மறைபொருள்’ என்கிறது. இரகசியம் வெளியிடப்பட்டதும் இரகசியமாக நிற்பதில்லை. மறைபொருளோ அறியப்பட்ட பின்னும் ஆழம் குறையாதது. முன்னது காலத்தால் மறைந்திருப்பது. பின்னது இயல்பால் மறைந்திருப்பது. இவ்விரு கூறுகளும் கிறித்தவ இறையியலில் இணைந்தே வளர்ந்துள்ளன.

தானியேல் முதல் பவுல் வரை

இச்சொல்லின் பின்புலத்தைப் பழைய ஏற்பாட்டின் தானியேல் நூலில் காணலாம். அந்நூலின் இரண்டாம் அதிகாரத்தில், நேபுகாத்நேச்சார் மன்னன் கண்ட கனவைப் பாபிலோனிய ஞானியரால் கூற இயலவில்லை. தானியேலுக்கு இரவுக் காட்சியில் அது தெரிவிக்கப்படுகிறது. அங்கு அரமேய மொழியில் ஆளப்படும் ‘ராஸ்’ என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அது ‘மிஸ்டேரியோன்’ எனப் பெயர்க்கப்பட்டது. கனவின் பொருளோ வரவிருக்கும் காலங்களைப் பற்றியது. ஆகவே, தொடக்கத்திலேயே மறைபொருளும் காலமும் பிணைந்து விடுகின்றன. அந்நூலின் இறுதியில், முடிவுகாலம் வரை ஏட்டை முத்திரையிட்டு வைக்குமாறு தானியேல் பணிக்கப்படுகிறார்.

சாக்கடலுக்கு அருகே கும்ரானில் 1947இல் முதலில் கண்டெடுக்கப்பட்ட ஏடுகளுள் அபக்கூக்கு நூலுக்கான உரையும் ஒன்று. வருவதை எழுதுமாறு இறைவாக்கினருக்குக் கூறிய கடவுள், அது நிறைவேறும் காலத்தை அவருக்கு அறிவிக்கவில்லை என்கிறது அவ்வுரை. இறைவாக்கினர் சொற்களின் மறைபொருள்கள் பின்னாளில் ‘நீதியின் ஆசிரியர்’ ஒருவருக்கே தெரிவிக்கப்பட்டன என்றும் அது கூறுகிறது. சொன்னவருக்கே தம் சொல்லின் வேளை தெரியாது என்னும் இச்சிந்தனை, கிறித்தவம் தோன்றிய சூழலில் ஏற்கெனவே நிலவியது என்பது குறிப்பிடத்தக்கது.

பவுலின் பெயரில் அமைந்த கொலோசெயர், எபேசியர் நிருபங்களில் ‘அன்று மறைந்திருந்தது, இன்று வெளிப்பட்டது’ என்னும் அமைப்பு தெளிவாகக் காணப்படுகிறது. இவற்றைப் பவுலே எழுதினாரா, அவர் வழிவந்தோர் எழுதினரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் எபேசியர் நிருபம் மறைபொருளின் உள்ளடக்கத்தை ஐயத்திற்கிடமின்றிக் கூறுகிறது. யூதரல்லாத பிற இனத்தாரும் வாக்குறுதியில் சம பங்காளிகள் என்பதே அது. தாமதமாக வந்தவர்கள் எனக் கருதப்பட்டோரே அம்மறைபொருளின் மையமாக நிற்கின்றனர்.

ஏன் இவ்வளவு காலம் கழித்து?

எல்லா இனத்தாருக்கும் உரிய செய்தி எனில், அது ஏன் இத்தனை காலம் கழித்து, உலகின் ஒரு மூலையில் மட்டும் வெளிப்பட வேண்டும்? ஏறத்தாழ கி.பி. 178இல் கிறித்தவத்தை மறுத்து எழுதிய செல்சுஸ் இதனைக் கேட்டார். மனிதரைப் பற்றிய நினைவு கடவுளுக்கு இப்போதுதான் வந்ததா என்பது அவர் வினா. ஏறத்தாழ 248இல் அவருக்கு மறுப்பெழுதிய ஒரிஜன், கடவுள் மனிதரைக் கவனியாதிருந்த காலம் ஒன்றில்லை என்றார். ஒவ்வொரு தலைமுறையிலும் இறைஞானம் தூய உள்ளங்களில் குடிபுகுந்து அவர்களைக் கடவுளின் நண்பராக்கியது என்பது அவர் விடை.

இரண்டாம் நூற்றாண்டின் ஐரேனியு வேறொரு விளக்கம் தந்தார். குழந்தைக்குத் தாய் கடின உணவைத் தருவதில்லை. அவ்வாறே, படைக்கப்பட்ட மனிதகுலம் முதிர்ச்சி பெறும் வரை கடவுள் தம்மைச் சிறிது சிறிதாக அறியச் செய்தார் என்பது அவர் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனா, மனிதன் தன் நோயை உணர்ந்த பின்பே மருந்து வருதல் பொருத்தம் என்றார். உலக முடிவு வரை தள்ளிவைத்தலும் பொருந்தாது என்று அவர் சேர்த்துரைத்ததும் நோக்கத்தக்கது.

இவ்விளக்கங்கள் வேளையின் பொருத்தத்தைக் காட்டுகின்றன. முன்பு மடிந்தோரைப் பற்றிய வினாவோ எஞ்சி நிற்கிறது. அகஸ்தீனின் 102ஆம் கடிதம் இதில் இரு விடைகளைத் தருகிறது. முதலாவது, ஒரே மெய்ச்சமயம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பெயர்களோடும் அடையாளங்களோடும் இருந்து வந்தது என்பது. இரண்டாவது, தம்மை நம்புவோர் எங்கே, எப்போது இருப்பர் என அறிந்தே கிறித்து தோன்றினார் என்பது. இரண்டாம் விடை, செய்தி எட்டாதவர் எட்டினும் நம்பியிரார் என்று அவர்கள்மீதே குறையைச் சுமத்துகிறது. அகஸ்தீனே பிற்காலத்தில், 428-429 காலப்பகுதியில் எழுதிய நூலில், இக்கூற்றுக்கு விளக்கம் தர நேர்ந்தது. நம்பிக்கையே கடவுளின் கொடை எனில், முன்னறியப்பட்ட நம்பிக்கை அக்கொடைக்குக் காரணமாக முடியாது என்பது அவர் நிலைப்பாடு.

அறியப்படாத நாள்

வெளிப்பட்ட வேளையைப் பறைசாற்றும் புதிய ஏற்பாடு, இன்னொரு வேளையை மறைத்தே வைக்கிறது. இறுதி நாளைத் தந்தையன்றி மகனும் அறியார் என்கிறது மாற்கு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரம். தானியேல் முத்திரையிடப் பணிக்கப்பட்டார். திருவெளிப்பாட்டின் ஆசிரியரோ, காலம் அண்மையில் உள்ளதால் முத்திரையிட வேண்டாம் எனப் பணிக்கப்படுகிறார். ஏடு திறந்திருக்கிறது, நாள் மட்டும் தெரியவில்லை.

இவ்வடக்கத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடுகளிலும் காணலாம். 1964இல் வெளியிடப்பட்ட திருச்சபை பற்றிய ஏடு, தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதோரும் மீட்படையலாம் என ஏற்கிறது. 1965இல் வெளியிடப்பட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, அவ்வாய்ப்பு கடவுள் மட்டுமே அறிந்த வகையில் எல்லாருக்கும் அளிக்கப்படுகிறது என்கிறது. கிறித்தவப் பிரிவுகள் யாவும் இதனை ஏற்பதில்லை என்பதும் ஈண்டுச் சுட்டத்தக்கது.

முடிவுரை

வெளிப்பாடு மறைபொருளை ஒழித்துவிடுவதில்லை என்பதே இவற்றால் பெறப்படும் உண்மையாகும். ஒரு வேளை ஏன் பொருத்தமானது என்பதை இறையியல் விளக்கலாம். அவ்வேளைக்கு அப்பால் வாழ்ந்தோர்மீது தீர்ப்புக் கூறும் உரிமையை அவ்விளக்கம் தருவதில்லை. அகஸ்தீன் தம் கூற்றை மீண்டும் விளக்க நேர்ந்ததும், வத்திக்கான் ஏடு கடவுள் மட்டுமே அறிந்த வகை என்று நிறுத்திக்கொண்டதும் இதனையே உணர்த்துகின்றன.