சேத்துப்பட்டில் கேட்ட கேள்வி

கோடம்பாக்கத்தில் பீச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் சேத்துப்பட்டு. தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கியது. நான்கிலும் இருந்தது பொதுப்பணம்.

அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம். நல்ல காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. ஆனால் நாட்டிலிருந்த படுக்கைகள் நோயாளிகளில் சிறு பங்குக்கும் போதவில்லை. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு ஏழைகளுக்கான கேள்வியைக் கேட்டது: படுக்கையே வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா?

நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மீதிப் பேர் நெரிசலான சொந்த வீட்டுக்கு. மருந்து இரு பிரிவினருக்கும் ஒன்றே: ஐசோநயாசிட், கூடவே பாஸ், ஓராண்டுக்கு. வீட்டிலிருப்பவர் மாத்திரையை நிஜமாகவே விழுங்குகிறாரா? சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம் பேர் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். வீட்டிலிருந்தவரால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. சிகிச்சை தொடங்கும் முன்பே தொற்ற வேண்டியது பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. படுக்கையை விற்பவரோ மருந்தை விற்பவரோ இப்படியொரு ஆய்வுக்குக் காசு போட்டிருப்பார் என்று தோன்றவில்லை.

ஒரு பக்கவிளைவும் இருந்தது. அரைவயிற்றுக்குச் சாப்பிட்டவரும் மருந்தில் குணமானதால், உணவு அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது. ஆய்வு சொன்னதைவிட அதிகமாக அதைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

உணவு பற்றிய கேள்வியைத் திரும்பத் திறந்ததும் பொதுப்பணம்தான். 2019 முதல் ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிதி தந்தது; அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்கள் முன்னின்று நடத்த, சேத்துப்பட்டு நிறுவனமும் கைகோத்தது. 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். அவர்களுடைய வீட்டாரில் ஒரு பிரிவுக்கும் உணவு மூட்டை போனது. 2023-ல் வந்த முடிவின்படி, மூட்டை கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தடுப்பூசிக்கு இப்படியொரு பலன் இருந்திருந்தால் தலைப்புச் செய்தியாகியிருக்கும். அரிசி பருப்புக்குக் காப்புரிமை கிடையாதே!

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் உறுதியானதுமே எடை மிகக் குறைந்தவர்களை அடையாளம் கண்டு மருத்துவமனையில் சேர்க்கிறது. மத்திய அரசு நோயாளிக்குத் தரும் மாத ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. வீட்டாருக்கான உணவு மட்டும் இன்னும் 'நிக்ஷய் மித்ரா' என்ற பெயரில் முன்வரும் நன்கொடையாளர்களையே நம்பியிருக்கிறது.