வீட்டுக்கு எத்தனை எம்பிபிஎஸ் இன்டர்நெட் வேண்டும்? சொட்டுநீர்க் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்!

சொட்டுநீர் போடும் விவசாயி, கண்ணை மூடிக்கொண்டு பெரிய குழாயை வாங்குவதில்லை. ஒரு டிரிப்பருக்கு மணிக்கு 4 லிட்டர் என்றால், ஒரே நேரத்தில் 500 டிரிப்பர் ஓட 2,000 லிட்டர் வேண்டும். அதற்கேற்ற மெயின் லைன் போதும் என்று கணக்குப் பார்த்துத்தான் வாங்குகிறார். அதே விவசாயியிடம், 'வீட்டுக்கு இன்டர்நெட் 30 எம்பிபிஎஸ் போடவா, 100 போடவா?' என்று கேட்டால், 'எது நல்லதோ அதைப் போடுங்க' என்று சொல்லிவிடுகிறார். தேவைக்கு மேல் எடுத்தால் மாதாமாதம் பணம் வீண். குறைத்து எடுத்தால் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நிற்கும்.

பாரத்நெட் திட்டத்தில் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் பணியை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. கிராமத்து வீடுகளும் இனி இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

குழாயும் தண்ணீரும்

எம்பிபிஎஸ் என்பது வேகம். குழாயின் அகலம் மாதிரி. ஜிபி என்பது டேட்டா. மாதம் முழுக்க ஓடிய தண்ணீர் மாதிரி. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

வள்ளியூரை ஒட்டிய ஒரு கிராமத்தில், வாழையும் முருங்கையும் போட்டிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்கு வீட்டு டி.வி-யில் தெளிவான படம் ஓட 5 எம்பிபிஎஸ் வேண்டும். மகளின் நேரலை வகுப்புக்கு 3. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு செல்போனில் வீடியோ பார்க்க, தலா இரண்டரை வீதம் 5. ஆக மொத்தம் 13 எம்பிபிஎஸ். இதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்தாலும் 20-தான் வருகிறது. இந்தக் குடும்பத்துக்கு 30 எம்பிபிஎஸ் திட்டமே தாராளம். ஊர் விலை, வானிலை பார்க்கும் 'உழவன்' மாதிரியான செயலிகளுக்கு ஆகும் வேகம் மிகச் சொற்பம்.

கவனிக்க வேண்டியது, வீட்டில் எத்தனை போன் இருக்கிறது என்பதை அல்ல. ஒரே நேரத்தில் எத்தனை திரையில் வீடியோ ஓடுகிறது என்பதைத்தான்.

மாதம் எத்தனை ஜிபி?

1 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 0.45 ஜிபி செலவாகும். இந்த ஒரு கணக்கு போதும்.

டி.வி. தினமும் 3 மணி நேரம் என்றால், மாதம் சுமார் 203 ஜிபி. வகுப்பு ஒரு மணி நேரம் வீதம் 26 நாளுக்கு 35 ஜிபி. இரண்டு செல்போன்கள் தலா 2 மணி நேரம் என்றால் 135 ஜிபி. மொத்தம் 373, சில்லறைச் செலவையும் சேர்த்தால் 400 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் செல்போன் ரீசார்ஜில் 30 நாளுக்குக் கிடைப்பது 60 ஜிபி-தான். வீட்டு ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாத அளவு 3,300 ஜிபி. எனவே, 'அதிக டேட்டா' என்பதற்காக மட்டும் விலை கூடிய திட்டத்துக்குப் போகத் தேவையில்லை.

கேமரா வைத்திருக்கிறீர்களா?

கணக்கைப் புரட்டிப்போடுவது சி.சி.டி.வி. கேமராதான். இரவு பகலாக 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இணையத்துக்குப் படம் அனுப்பும் ஒரு கேமரா, மாதம் 324 ஜிபி இழுத்துவிடும். கிட்டத்தட்ட மொத்தக் குடும்பத்தின் செலவு! மெமரி கார்டிலோ ரெக்கார்டர் பெட்டியிலோ பதிவு செய்துகொண்டு, தேவையானபோது மட்டும் போனில் பார்த்தால் இந்தச் செலவு இல்லை. கேமரா இருப்பவர்கள், வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் 'அப்லோடு' வேகம் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்...

* மாத அளவு தீர்ந்த பிறகு வேகம் எவ்வளவுக்கு இறங்கும்? 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் விதிப்படி, 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அது 'பிராட்பேண்ட்'. அந்தப் பெயரை மட்டும் நம்பக் கூடாது.

* சொல்லும் விலையில் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா? ரௌட்டர், இணைப்புக் கட்டணம் தனியா?

* கேபிள் அறுந்தால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள்? ஆடிக் காற்று சுழற்றியடிக்கும் வள்ளியூர்ப் பக்கம், கம்பத்தில் தொங்கும் கேபிளுக்கு இது முக்கியமான கேள்வி. பக்கத்து வீட்டில் விசாரித்தால் உண்மை தெரியும்.

* கரன்ட் போனால் ரௌட்டரும் நின்றுவிடும். 12 வோல்ட் ரௌட்டராக இருந்தால், அதற்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். போதும்.

இணைப்பு வந்த பிறகு காலையில் ஒரு தடவை, இரவு 8 மணிக்கு ஒரு தடவை, ரௌட்டர் பக்கத்திலேயே நின்று வேகத்தைச் சோதியுங்கள். அங்கே நன்றாக இருந்து, உள் அறையில் மட்டும் படம் சுற்றிக்கொண்டே நின்றால், குறை திட்டத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது. வேகத்தைக் கூட்டிப் பணம் கட்டுவதற்கு முன், ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதியில் உயரமாக மாற்றி வைத்துப் பாருங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், மோட்டாரை மாற்றும் முன் வாய்க்காலைப் பார்ப்பதுதானே வழக்கம்!