கோல்திபுவோனோ திராட்சைத் தோட்டம்

இத்தாலி நாட்டின் தொஸ்கானா மாநிலத்தில், கியாந்தி மலைப்பகுதியிலே, பாதியா ஆ கோல்திபுவோனோ என்னும் பழம்பெரும் பண்ணை உள்ளது. 1051-இல் துறவிகள் நிறுவிய மடமாகிய இது, 1846-இல் ஒரு குடும்பத்தாரின் கைக்கு வந்தது. இன்றும் அவர்தம் வழியினரிடமே இருக்கிறது. சாஞ்சோவேசே என்னும் கருந்திராட்சையை இயற்கை முறையில் விளைவித்துச் செம்மது வடிக்கின்றனர்.

இயற்கை முறை என்றால் மருந்தே தெளிப்பதில்லை என்று நாம் எண்ணிவிடலாகாது. அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையை அம்முறையும் அனுமதிக்கிறது. ஆயினும், தெளித்த தாமிரம் மண்ணிலேயே தங்கி மண்புழுக்களுக்குக் கேடு விளைக்கும். ஆதலின் ஐரோப்பியச் சட்டம் 2019 முதல், ஏழாண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் தாமிரம் சேரலாகாது என வரம்பு கட்டியுள்ளது. மழை மிகுந்த ஆண்டில் இவ்வரம்புக்குள் நின்றால் விளைச்சல் குறையவும் கூடும். அவ்விழப்பைப் பொறுத்தேனும் அடுத்த தலைமுறைக்கு நிலத்தைக் காப்பதே இம்முறையின் சாரம் என்று நாம் கருதுகிறோம்.