தேயிலைத் தொழிற்சாலை மோட்டாரும் ஓவர்லோட் ரிலேயும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிற் பறிக்கப்படும் கொழுந்து காத்திருக்கும் பொருளன்று. மடுவத்தில் நிறுக்கப்பட்டு லொறியில் வந்திறங்கும் பச்சை இலை, காலந் தாழ்த்தாது வாட்டுந் தொட்டியிற் பரப்பப்படல் வேண்டும். தொட்டியின் அடியிலிருந்து விசிறி காற்றை ஊதிக்கொண்டே இருத்தல் வேண்டும். நள்ளிரவில் அவ்விசிறியின் மோட்டார் நின்றுவிடின், குவிந்து கிடக்கும் இலை தன் சுவாசத்தினாலேயே சூடேறிச் சிவந்துவிடுகின்றது. சிவந்த இலையிலிருந்து நல்ல தேயிலை கிடைப்பதில்லை. மோட்டாரின் சுருளே எரிந்துபோயிருப்பின் நட்டம் இன்னும் பெரிது. அதனைக் கழற்றி, சுருள் கட்டுபவரிடம் அனுப்பி, மீட்டும் பொருத்துவதற்குச் சில நாட்கள் செல்லும். அந்நாட்களிற் சிறு தோட்ட உடைமையாளர் கொண்டுவரும் கொழுந்தை வேறு தொழிற்சாலைக்குத் திருப்பவேண்டி நேரிடும். மழைக்குப் பின் கொழுந்து பெருகும் வாரங்களில் அங்கும் இடங் கிடைப்பது அரிது.

இவ்விடரைத் தடுப்பதற்கென்றே மோட்டாரின் தொடக்கிப் பெட்டியினுள், கொன்டாக்டருக்குக் கீழே, உள்ளங்கையில் அடங்கத்தக்க ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கின்றது. வெப்ப மிகைச்சுமை ரிலே என்பது அதன் பெயர். தொழிற்சாலையில் யாவரும் ஓவர்லோட் என்றே அழைப்பர். அது தொழிலைத் தடுப்பதாக எண்ணி அதன்மேற் சினங்கொள்வோர் பலர். அது செய்யும் வேலையை அறிந்தோர் சிலரே.

முற்காலத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் நீர்ச்சக்கரமோ, நீராவி யந்திரமோ, எண்ணெய் எஞ்சினோ ஒரு நீண்ட தண்டைச் சுழற்றிற்று. அத்தண்டிலிருந்து தோற்பட்டிகள் வாயிலாக ரோலர்கள் முதலியன இயங்கின. ரோலரிற் சுமை மிகுந்தால் பட்டி வழுக்கும். அல்லது எஞ்சினின் ஓசை தாழும். அதனைக் கேட்டே டீமேக்கர் நிலையை அறிந்துகொள்வார். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நெடுங்காலம் வற்புறுத்திவந்த லக்ஷபான நீர்மின் திட்டத்தின் முதற் கட்டம் 1950 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிற்று. மின்சாரம் பரவப் பரவ, ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனி மோட்டார் வந்தது. மின்மோட்டாரோ முறையிடுவதில்லை. சுமை கூடுமாயின் அது தன் வேகத்தைப் பெரிதும் குறைத்துக் கொள்ளாமல், மின்கம்பியிலிருந்து மேலும் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு உழைக்கும். அதன் துன்பம் வெளியே தெரிவதற்குள் உள்ளே வார்னிஷ் கருகத் தொடங்கிவிடும்.

செப்புக் கம்பியிற் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கின்றது. மின்னோட்டம் 20 வீதம் கூடினால் வெப்பம் 44 வீதம் கூடும். சுருளைப் போர்த்திருக்கும் காவற்பொருளுக்கு ஓர் எல்லையுண்டு. B வகைக்கு 130 பாகை செல்சியஸ், F வகைக்கு 155 பாகை என்பன பெயர்ப்பலகையிற் காணப்படும் அவ்வெழுத்துக்களின் பொருள். அவ்வெல்லைக்கு மேலே ஏறத்தாழ 10 பாகை கூடும்போது காவற்பொருளின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியியலாளர் கொள்ளும் பொதுக் கணக்கு. ஆகவே மோட்டார் ஒரே நாளில் எரிவதைக் காட்டிலும், பல மாதங்களாகச் சிறிது சிறிதாக வெந்து, ஒரு நாள் மடிவதே மிகுதி.

ரிலேயின் உள்ளமைப்பு எளியது. மோட்டாருக்குச் செல்லும் மூன்று அவத்தைகளின் மின்னோட்டமும் மூன்று சிறு சூடேற்றிகள் வழியே செல்லும். ஒவ்வொரு சூடேற்றியும் ஓர் ஈருலோகக் கீலத்தைச் சுற்றியிருக்கும். வெப்பத்தினால் மிகுதியாக விரியும் உலோகத் தகடு ஒன்றும், குறைவாக விரியும் தகடு ஒன்றும் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டதே இக்கீலம். சூடேறும்போது ஒரு பக்கம் நீள, மறு பக்கம் நீளாமையால், அது வளைகின்றது. போதிய அளவு வளைந்ததும் ஒரு தள்ளுகோலை நகர்த்தி, கொன்டாக்டரின் சுருளுக்குச் செல்லும் சிறு மின்சுற்றைத் துண்டிக்கும். உடனே கொன்டாக்டர் விடுபட்டு மோட்டார் நிற்கும். ரிலே தானாக மோட்டாரின் பெருமின்னோட்டத்தை வெட்டுவதில்லை. வெட்டுமாறு கொன்டாக்டருக்குக் கட்டளையிடுவது மட்டுமே அதன் பணி. கொன்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருப்பின் அக்கட்டளை பயன்படாது.

ஈருலோகக் கீலம் புதியதன்று. 18 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜோன் ஹரிசன், கப்பற் கடிகாரம் வெப்பத்தால் நேரந் தவறாதிருக்க அதனைப் பயன்படுத்தினார். வெப்பத்தால் மிகச் சிறிதே விரியும் இன்வார் என்னும் இரும்பு நிக்கல் கலப்புலோகத்தைக் கண்டறிந்த ஷார்ல் கியோம் 1920 ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

கீலம் மெதுவாகச் சூடேறுவதே இக்கருவியின் சிறப்பு. மோட்டார் தொடங்கும் கணத்தில் வழமையான மின்னோட்டத்தைப் போல் 6 அல்லது 7 மடங்கு இழுக்கும். அதனைக் கண்டு உடனே நிறுத்தும் கருவியாயின் எந்த மோட்டாரும் தொடங்கமாட்டாது. ரிலே அதனைச் சில வினாடிகள் பொறுத்துக்கொள்கின்றது. வகுப்பு 10 எனக் குறிக்கப்பட்ட ரிலே, வைத்த அளவின் 7.2 மடங்கு மின்னோட்டத்தில் 4 முதல் 10 வினாடிக்குள் விடுபடும். வகுப்பு 20 எனின் 6 முதல் 20 வினாடி வரை பொறுக்கும். உலர்த்தியின் கனத்த விசிறி முழுவேகம் பெற நேரஞ் செல்லுமாதலின், வகுப்பு 10 ரிலே அங்கு தொடக்கத்திலேயே விடுபடக்கூடும். அவ்விடத்துக்கு ஏற்றது வகுப்பு 20 ஆகும். மாறாக, அளவைவிட 20 வீதம் மிகுந்த மின்னோட்டமாயின் 2 மணித்தியாலத்துக்குள் விடுபடும். 5 வீதமே மிகுதியாயின் அந்நேரத்துக்குள் விடுபடுவதில்லை.

ரிலேயின் முகத்தில் அம்பியர் அளவு குறித்த சிறு வட்டு உண்டு. அதனை மோட்டாரின் பெயர்ப்பலகையிற் கண்ட முழுச்சுமை மின்னோட்டத்துக்கு வைத்தல் வேண்டும். 400 வோல்ற்றில் இயங்கும் 15 குதிரைவலு மோட்டார் ஒன்று 21.5 அம்பியர் எனக் காட்டுமாயின் வட்டும் 21.5 இல் நிற்றல் முறை. ஸ்டார் டெல்டா தொடக்கியில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. ரிலே பிரதான கம்பியிலன்றிச் சுருளுக்குச் செல்லும் வழியில் அமைந்திருப்பின், அவ்வளவை 0.58 ஆற் பெருக்கி, ஏறத்தாழ 12.5 அம்பியரில் வைத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது 21.5 இல் வைக்கப்பட்ட ரிலே பெட்டிக்குள் அழகாக இருக்கும்; மோட்டாரைக் காவாது.

கொழுந்து மிகுந்த இரவுகளில் ரிலே மீண்டும் மீண்டும் விடுபடுமாயின், வட்டை 2 அம்பியர் உயர்த்திவிடுவதே பலரும் கைக்கொள்ளும் வழி. தொடுமுனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவோரும் உளர். வேலை நடக்கவேண்டுமென்னும் நெருக்கடியில் அவ்வாறு செய்வோரைப் புரிந்துகொள்ளலாம். ஆயினும் அன்றைய இரவைக் காக்க அடுத்த வாரத்தை இழப்பதாகவே அது முடியும். ரிலே விடுபட்டதும் முதலிற் பார்க்கவேண்டியது சுமையையே. மழையில் நனைந்து, சரிவர வாடாத இலை கனமானது. அதனை வழக்கமான கன அளவுக்கு ரோலரில் நிரப்பி, அழுத்தும் மூடியையும் இறக்கினால் மோட்டார் திணறும். மின்வெட்டினால் நிறைசுமையுடன் நின்ற ரோலரை, மூடியை உயர்த்திய பின்னரே மீட்டுந் தொடங்கல் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலம் போன்றவற்றில் இஃது அன்றாடப் பிரச்சினையாகிவிடும். மின்னழுத்தத்தையும் அளத்தல் வேண்டும். அது 10 வீதம் குறைந்தால் அதே சுமைக்கு மின்னோட்டம் ஏறத்தாழ 11 வீதம் உயரும்; தொடங்கும் முறுக்குவிசையோ 81 வீதமாகக் குறையும்.

மீட்டும் அழுத்துவதிலும் பொறுமை தேவை. ரிலேயின் கீலம் சில நிமிடங்களில் ஆறிவிடும். கனத்த இரும்பும் செம்புமாகிய மோட்டார் அவ்வளவு விரைவில் ஆறுவதில்லை. மூன்று நான்கு முறை தொடர்ந்து அழுத்தித் தொடங்குவோர் ஒவ்வொரு முறையும் அரைச்சூட்டின்மேற் புதுச்சூட்டை ஏற்றுகின்றனர்.

சப்பிரகமுவையில் மோட்டார்களுக்கு நேரும் பெருந்தீங்கு ஓர் அவத்தை இழத்தல் ஆகும். பருவக்காற்றில் இறப்பர் மரக்கிளை மின்கம்பியில் விழும். அல்லது ஓர் உருகி மட்டும் எரியும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நில்லாது, எஞ்சிய இரு கம்பிகளில் ஏறத்தாழ 1.73 மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு உறுமும். வெப்பம் 3 மடங்காகும். சுமை குறைவாயிருப்பின் மின்னோட்டம் வட்டின் அளவைத் தாண்டாமலே ஒரு சுருள் மட்டும் கருகவும் கூடும். இதற்கென அமைந்த ரிலேக்களில் இரட்டைத் தள்ளுகோல் உண்டு. இரு கீலங்கள் வளைய, மூன்றாவது குளிர்ந்து நேராக நிற்குமாயின், அவ்வேறுபாட்டினாலேயே அது விரைந்து விடுபடும். பழைய தொடக்கிகள் சிலவற்றில் இவ்வசதி இல்லை. அவற்றை மாற்றுதற்கு ஆகும் செலவு ஒரு மோட்டாருக்குச் சுருள் கட்டும் செலவிலும் குறைவே. வீட்டுத் தோட்டத்தில் ஒற்றை அவத்தைப் பம்பு வைத்திருப்போர் இத்தகைய ரிலேயைப் பயன்படுத்தின், மின்னோட்டத்தை மூன்று சூடேற்றிகள் வழியாகவும் தொடராகச் செலுத்துதல் வேண்டும். இன்றேல் அவத்தை இழந்ததாகக் கருதி அது காரணமின்றி விடுபடும்.

கேகாலைப் பகுதியின் கிறேப் இறப்பர் ஆலைகளில் மற்றுமோர் எச்சரிக்கை உண்டு. ரிலேயில் கையால் மீட்டல், தானாக மீளல் என இரு நிலைகள் அமைந்திருக்கும். தானாக மீளும் நிலையில், பிடிப்புத் தொடுகையில்லாத திருகு சுவிச்சால் இயங்கும் மோட்டார், கீலம் ஆறியதும் எவரும் தொடாமலே ஓடத் தொடங்கும். நின்ற உருளைகளுக்கிடையே சிக்கிய இறப்பரை எடுக்க ஒருவர் கைவிட்டிருக்கும் நேரம் அதுவாகலாம். எனவே ஆலை யந்திரங்களில் கையால் மீட்டும் நிலையே வைக்கப்படல் வேண்டும். கைவிடுமுன் பிரதான சுவிச்சும் நிறுத்தப்படல் வேண்டும்.

ரிலே அறியாதவையும் உள. கம்பிகள் ஒன்றோடொன்று முட்டும் குறுஞ்சுற்றை அது தடுக்கமாட்டாது. அது உருகியின் வேலை. மோட்டாரின் பின்புற விசிறி மூடியில் தேயிலைப் பஞ்சு படிந்து காற்று அடைபட்டால், மின்னோட்டம் கூடாமலே மோட்டார் வேகும். மின்னோட்டத்தை மட்டும் உணரும் ரிலே வாளாவிருக்கும். சலிக்கும் அறையில் உள்ள மோட்டார்களை வாரந்தோறும் தூரிகையால் துடைத்தலே அதற்குப் பரிகாரம். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தில் நனைந்த மோட்டாரையும் ரிலே இனங்காணாது. அதனை நன்கு உலர்த்தி, 500 வோல்ற்றுக் காவற்தடைமானியால் அளந்து, குறைந்தது 1 மெகாஓம் காட்டிய பின்னரே மின்னிணைத்தல் வேண்டும். தொடக்கிப் பெட்டி நீரில் மூழ்கியிருப்பின் ரிலேயை உலர்த்திப் பயன்படுத்தாது புதிதாக மாற்றிவிடுதல் வேண்டும். சேற்றுநீர் புகுந்த கீலமும் தள்ளுகோலும் முன்போல் அசையுமென நம்புதற்கில்லை.

ரிலேயின் முகத்திற் சோதனைப் பொத்தான் ஒன்றுண்டு. மோட்டார் ஓடும்போது அதனை அழுத்தினால் கொன்டாக்டர் விடுபடல் வேண்டும். கொழுந்து குறைந்த நாளொன்றில், மாதம் ஒருமுறை, தகுதிபெற்ற மின்வினைஞர் இதனைச் செய்து, ஒவ்வொரு மோட்டாரின் அம்பியர் அளவையும் வட்டின் அளவையும் தொழிற்சாலைக் குறிப்பேட்டில் அருகருகே எழுதிவைத்தல் நன்று. வட்டை இரவில் எவரேனும் திருப்பியிருப்பின் அடுத்த மாதப் பதிவிலேயே அது தெரிந்துவிடும்.