மின்சார ரயிலில் புகை இல்லை... அப்போ கார்பன் எங்கே போகுது?

மண்ணச்சநல்லூருக்குள் ரயில் பாதை இல்லை. விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் இருக்கும் பிச்சாண்டார்கோவில் நிலையத்துக்குத்தான் வர வேண்டும். அங்கிருந்து ஸ்ரீரங்கம், திருச்சிக்கு மின்சார ரயில் ஓடுது. 'அப்போ கார்பன் பிரச்சினை முடிஞ்சுதா?' என்றால், பாதிதான்.

மின்சாரம் சுத்தமா?

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மெமு ரயிலில் அந்தப் புகை கிடையாது. ஆனால், நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ வரை அனல் மின் நிலையப் பக்கம் வெளியேறுகிறது.

பிறகு ஏன் மாறணும்?

புதிய மெமு ரயில்கள் பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திரும்ப லைனுக்கே அனுப்பும். சோலார், காற்றாலை மின்சாரம் கூடக் கூட, அதே ரயில் தானாகவே சுத்தமாகும். டீசல் ரயிலில் அதற்கு வழியில்லை.

ஹைட்ரஜன் ரயில்?

சென்னை ஐசிஎஃப்பில் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டி சோதிக்கப்பட்டது. ஹைட்ரஜனைத் தயாரிக்கவும் மின்சாரம் வேணும். எனவே, மின்கம்பி உள்ள பாதையில் நேரடி மின்சாரமே லாபம்.

பயணிகள் கையில் என்ன?

2030-க்குள் 'நெட் ஜீரோ' என்பது ரயில்வேயின் இலக்கு. ஆனால், காலியாக ஓடும் ரயிலில் தலைக்கான கார்பன் கணக்கு எகிறிவிடும். ரயிலை விட்டு இறங்கியதும் மண்ணச்சநல்லூருக்கு பஸ் கிடைத்தால்தான், பைக் வீட்டிலேயே நிற்கும்.