உறையிலிடாத வினாக்கள்

தபாலட்டையில் எவரும் இரகசியம் எழுதுவதில்லை. அது செல்லும் வழியிலுள்ளோர் யாவரும் படிக்கலாம் என்பதை அறிவோம். ஆயினும், கைத்தொலைபேசி நம் பொருட்டு நாடோறும் அனுப்பும் வினாக்களிற் பல அத்தகைய தபாலட்டைகளே என்பதைப் பலர் சிந்திப்பதில்லை.

இணையத் தளங்களை நாம் பெயராலே அழைக்கின்றோம். இயந்திரங்களுக்கோ எண்முகவரி வேண்டும். பெயருக்குரிய எண்ணைத் தேடித்தரும் டி.என்.எஸ். என்னும் முறையை 1983 இல் போல் மொக்கபெற்றிஸ் என்பார் வகுத்தார். அவ்வாறு தேடித்தரும் கணினியை ஈண்டுப் பெயர்விளக்கி என்போம். வினாவும் விடையும் 53 என்னும் எண்ணுடைய வாயிலால் மறைப்பின்றிச் சென்றன. இன்றும் பல இடங்களில் அவ்வாறே செல்கின்றன. ஒருவர் எந்நோயைப் பற்றிய தளத்தை நாடினார் என்பதை இடையில் நிற்போர் அறியலாம். பொய்யான எண்ணைக் கொடுத்து வேறிடத்துக்குத் திருப்பிவிடவுங் கூடும்.

இக்குறையை நீக்க இரு வழிகள் வகுக்கப்பட்டன. 2016 இல் வந்த வழி, வினாவை மறைகுறியாக்கி 853 ஆம் வாயிலால் அனுப்புகின்றது. 2018 இல் வந்தது, ஏனைய இணையப் போக்குவரத்தோடு சேர்த்து 443 ஆம் வாயிலால் அனுப்புகின்றது.

நமது பெயர்விளக்கி இவற்றுக்கு இடந்தருகின்றதா என்று அறிவது எங்ஙனம்? முதலில், அவ்வாயில் திறக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். அடுத்து, அது காட்டும் சான்றிதழிலுள்ள பெயர் பொருந்துகின்றதா, தவணை கடந்ததா என்று நோக்கல் வேண்டும். ஈற்றில், அவ்வழியே ஒரு வினாவை அனுப்பி விடை பெறல் வேண்டும். கணினி பயிலும் மாணவர், பைண்ட் மென்பொருளின் 9.18 ஆம் பதிப்பு (2022) முதல், அதனுடன் வரும் டிக் என்னுங் கருவியால் இதனைச் செய்யலாம். ஆனால் தனியே பணித்தாலன்றி அக்கருவி சான்றிதழைச் சோதியாது. சான்றிதழைச் சோதியாதவன், கடிதத்தை உறையிலிட்டும் முன்பின் அறியாதவன் கையிற் கொடுத்தவனாவான்.

இல்லத்தாருக்கு எளிய வழியுண்டு. 2018 இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 9 முதலாக, அத்தொலைபேசிகளின் அமைப்புகளில் ‘தனிப்பட்ட டி.என்.எஸ்.’ என்றொரு பகுதி இருக்கின்றது. அதனைத் ‘தானியங்கி’ என விட்டால், மறைவழி கிட்டாதபோது தொலைபேசி நமக்குச் சொல்லாமலே திறந்த வழிக்குத் திரும்பும். பெயர்விளக்கியின் பெயரை நாமே எழுதினால் அவ்வாறு திரும்பாது. மறைவழியும் உரிய சான்றிதழும் இருந்தாலே தளங்கள் திறக்கும். திறவாவிடின், பெயரில் எழுத்துப்பிழை உண்டா, அவ்வலையமைப்பு மறைவழியைத் தடுக்கின்றதா என்பவற்றையும் ஆராய்ந்த பின்னரே பெயர்விளக்கியைக் குறைகூறல் தகும். 8.8.8.8, 9.9.9.9, 1.1.1.1 என்னும் எண்களையுடைய பொதுப் பெயர்விளக்கிகள் இவ்வழிகளுக்கு இடந்தருவன.

ஒன்று மறத்தலாகாது. உறை, இடைவழியிலுள்ளோருக்கே கடிதத்தை மறைக்கும்; பெறுபவர் பிரித்துப் படிக்கவே செய்வார். ஆதலின், பெயர்விளக்கி மறைவழி தருகின்றதா என்பதோடு, அதனை நடத்துவோர் யார், நம் வினாக்களை எத்துணைக் காலம் சேர்த்து வைக்கின்றனர் என்பதையும் விசாரித்துத் தெளிதல் நன்று.