ரங்கூனிலிருந்து வந்த குணசேகரன்



சிங்கப்பூர்த் தேக்காவில் ஏதாவது ஒரு கடையில் பழைய பாட்டு ஒலித்தால், "சிவாஜி படமாச்சே!" என்று நம் பெரியவர்கள் நின்றுவிடுவார்கள். அந்தச் சிவாஜி கணேசனைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

1928இல் விழுப்புரத்தில் பிறந்த கணேசன், சிறு வயதிலேயே படிப்பை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். (பிள்ளைகளே, இதை மட்டும் பின்பற்ற வேண்டாம்!) அங்கே பெண் வேடமும் போட்டார். பக்கம் பக்கமான வசனத்தைத் தங்குதடையின்றிப் பேசும் ஆற்றல் அங்கே வந்ததுதான். அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்தார். அதைக் கண்ட பெரியார் சூட்டிய பெயரே நிலைத்தது.

1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' வெளிவந்தது. கதையில் மூன்று அண்ணன்மார் ரங்கூனில் பிழைக்கிறார்கள், தங்கை மதுரையில். அவள் திருமணத்துக்குப் புறப்பட, போர்க்காலத்தில் ஒரே ஒரு கப்பல் சீட்டுத்தான் கிடைக்கிறது. இளையவன் குணசேகரன் வருகிறான். சென்னையில் இறங்கியதும் பணத்தையெல்லாம் பறிகொடுக்கிறான். சம்பாத்தியத்தைப் பெட்டியில் பூட்டிக் கொண்டு ஊருக்குக் கப்பலேறியவர்கள் நம் லயங்களிலும் இருந்தார்களே! என் தாத்தா இந்தக் கட்டத்தில் வாய்விட்டு அழுவார்.

இந்த வேடம் கணேசனின் கையைவிட்டுப் போயிருக்கும். ஆள் ஒல்லி, வேறு நடிகரைப் போடலாம் என்று ஸ்டூடியோவில் பேச்சு எழுந்தது. தயாரிப்பாளர் பெருமாள் முதலியார் அசையவில்லை: கணேசன்தான் நடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

1960இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகக் கெய்ரோவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். 2001இல் மறைந்தார். எத்தனை புகழ் வந்தபோதும், பொங்கல்தோறும் வேலூருக்குப் போய்ப் பெருமாள் முதலியாரைச் சீர்வரிசையோடு வணங்கி வருவது அவர் வழக்கமாக இருந்தது.